பியானோ வந்த வழி

ஞாயிறு ஆராதனை முடிந்திருந்தது. சர்ச்சின் நிலவறைக் கூடத்தில், "ஏ ஹாலிவுட், இங்க ஒரு கப்!" என்று டிராக்டர் வியாபாரி ஹால்டர் குரல் கொடுத்தபோது, வெர்னா இரண்டாவது கேக்குத் துண்டை எடுக்கலாமா வேண்டாமா என்ற யோசனையில் இருந்தாள். தவக்காலத்தில் இனிப்பைக் குறைத்துக்கொள்வதாக ஆண்டவரிடம் சொல்லியிருந்தாள். எவ்வளவு குறைப்பதென்று சொல்லியிருக்கவில்லை.

ஹாலிவுட் என்று அழைக்கப்பட்ட ஆர்னி லுண்ட் காபிக் கெண்டியோடு வந்தார். பள்ளிக்கூடத்துக் கொதிகலனையும் தாழ்வாரங்களையும் பார்த்துக்கொள்ளும் மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்காமலே காபி ஊற்றும் வேலையையும் எடுத்துக்கொள்வார். வில்லோ ஃபோர்க்கில் சின்னப் பிள்ளைகள்கூட அவரை ஹாலிவுட் என்றுதான் கூப்பிட்டார்கள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைமுடியால் வந்த பெயராக இருக்கும் என்று வெர்னா இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். விசாரித்ததில்லை.

விசாரித்தவர் புதிதாக வந்திருந்த பாஸ்டர். "ஏன் ஹாலிவுட்னு கூப்பிடறீங்க?"

"அட, உங்களுக்கு யாரும் சொல்லலியா பாஸ்டர்?" ஹால்டருக்குக் கண்கள் மின்னின. "நம்ம ஆர்னி பெரிய நடிகராக்கும். 'டட்டில் குடும்பம்' வருதில்ல, தினம் சாயங்காலம் அஞ்சரைக்கு? அதுல நடிச்சிருக்காரு! பியானோ தூக்கற ஆளு. இவர் ஒரு வசனம் சொன்னாராம், ஜனங்க சிரிச்ச சிரிப்புல கொட்டகையே ஆடிப்போச்சாம்."

"நிஜமாவா!"

"கேளுங்க. ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊர்ல அதப் போட ஆரம்பிச்சப்போ, எண்பத்தேழாவது கதையில வருவேன்னு இவரே சொன்னாரு. டார்லீன் காபிக் கடையில நாப்பது பேர் கூடி உக்காந்தோம். ஒருத்தர் கண்ண சிமிட்டல. பியானோ வந்துச்சு. ஆர்னியக் காணோம்!"

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. ஹால்டர் கையை உயர்த்தி அதை அடக்கினார். கதையின் நல்ல பாகம் இனிமேல்தான்.

"அந்தப் பியானோ எப்படி வந்துச்சுன்னே யாருக்கும் தெரியாது பாஸ்டர். மொதல்ல வீட்டுல பியானோவே கிடையாது. விளம்பரம் முடிஞ்சு பாத்தா, கூடத்து நடுவுல ஜம்முனு நிக்குது. வானத்துலேர்ந்து மன்னா விழுந்த மாதிரி! கேட்டா இவர் சொல்றாரு, 'வெட்டிட்டாங்க போல'ன்னு. யாருய்யா வெட்டுவா?"

ஆர்னி சிரித்தார். வருடக்கணக்காகப் பழகிய சிரிப்பு. "சர்க்கரை ஒண்ணா ரெண்டா பாஸ்டர்?" என்றார்.

பாஸ்டர் பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, ஈஸ்டர் அன்று காலைச் சாப்பாட்டுக்கு ஆர்னி உதவ முடியுமா என்று கேட்டார்.

"நான் இருக்க மாட்டேன் பாஸ்டர். அடுத்த வாரம் சனிக்கிழம அரிசோனாவுக்கு, எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன். அங்க பனி அள்ள வேண்டாம்." பிறகு வெர்னாவின் கோப்பையில் ஊற்றும்போது, கெண்டியிடம் சொல்வதுபோல, "அங்க எல்லாரும் என்ன ஆர்னின்னு கூப்பிடுவாங்க" என்றார்.

வெர்னா கையிலெடுத்த கேக்குத் துண்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தாள். ஆர்னியை விட்டால், அந்தப் பியானோ எப்படி வந்தது என்று இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் அவள். இரண்டு பேர் அதை வாசல் வழியாகத் தூக்கி வந்தார்கள். அவர்களை வெட்டியது அவள்தான்.

வெர்னா ஊருக்கு வெளியே இருந்த தொலைக்காட்சி நிலையத்தில் படச்சுருள் வெட்டி ஒட்டுபவள். 'டட்டில் குடும்பம்' பதினோரு வருடம் ஓடிய தொடர். மொத்தம் இருநூற்று அறுபத்தொரு கதைகள். முதல் நான்கு வருடம் கறுப்பு வெள்ளை, பிறகு வண்ணம். ஆறாவது வருடம் செவ்வாய்க்கிழமையிலிருந்து சனிக்கிழமைக்கு மாற்றி, ஜனங்கள் வெளியே கிளம்பிப்போகிற நாளில் போட்டதால் கவிழ்ந்து, மறுபடி செவ்வாய்க்கே வந்து நிமிர்ந்தது. அப்போதெல்லாம் வில்லோ ஃபோர்க்கின் ஏரியல்களுக்கு அந்தத் தொடர் எட்டவில்லை. தொடர் முடிந்து, பழைய படச்சுருள்களாக ஊர் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் இங்கே வந்தது. வெர்னாவும் அந்த வருடம்தான் பண்ணையை விட்டு வேலைக்கு வந்தாள். ஊரில் யாரையும் தெரியாது. காபிக் கடைக்குப் போகிற வழக்கமும் இல்லை.

சுருள்கள் சுற்றும் விதம் இப்படி. ஒன்பது சின்ன நிலையங்களுக்குச் சேர்த்து ஒரே ஒரு பிரதி. ஒரு நிலையம் ஒளிபரப்பிவிட்டு அதை வட்டத் தகரப் பெட்டியில் போட்டு, பேருந்தில் அடுத்த ஊருக்கு ஏற்றிவிடும். ஒரு வருடத்தில் ஒரு சுற்று. சின்ன நிலையங்களுக்கு விளம்பரம்தான் சோறு. அதனால் ஒவ்வொரு கதையிலும் ஒரு நிமிடத்தை வெட்டி, அந்த இடத்தில் ஊர் விளம்பரம் ஒன்றைப் போடுவார்கள். வெட்டிய துண்டை, பெட்டியை அனுப்பும் முன் மறுபடி ஒட்டிவிட வேண்டும். இதுதான் தர்மம். எந்தக் கதையில் எதை வெட்டினால் கதை நொண்டாது என்று, பெட்டியோடு வரும் கதைச் சுருக்கத்தைப் பார்த்து வெர்னா அட்டைகளில் குறித்து வைத்திருந்தாள். எண்பத்தேழுக்கான அட்டையில், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்துக் கையெழுத்தில், 'பியானோ தூக்குபவர்கள். கதைக்குத் தேவையில்லை' என்று இருந்தது.

கதைக்குத் தேவையில்லை. அன்று வீட்டுக்கு வந்து அந்த இரண்டு சொற்களை அவள் பலமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ஒன்பது வருடத்தில் ஒருமுறையாவது அந்தத் துண்டைத் திரையில் ஓட்டிப் பார்த்திருந்தால் முகம் தெரிந்திருக்கும். அவள் அட்டையைப் பார்த்தாள், அடியை அளந்தாள், வெட்டினாள். ஒரு மனிதனின் பேரையும் சேர்த்து வெட்டுகிறோம் என்று கத்தரிக்கு எப்படித் தெரியும்?

ஆனால் வழி இருந்தது. வரிசைப்படி எண்பத்தேழாவது கதை அடுத்த வாரம் புதன்கிழமை வருகிறது. ஆர்னி கிளம்புவது சனிக்கிழமை. இந்த முறை வெட்டாமல் விட்டால் போதும். இருந்தாலும் துண்டில் இருப்பது ஆர்னிதானா என்று கண்ணால் பார்க்காமல் யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று தீர்மானித்தாள்.

வியாழக்கிழமை பெட்டி வந்தது. மேலே எப்போதும்போல முந்தைய நிலையத்துக் க்ளைடின் சீட்டு. ஒன்பது ஊர்க்காரர்களும் பெட்டிக்குள் சீட்டு வைப்பார்கள். ஒட்டு பலவீனம், பார்த்து ஓட்டவும் என்று எழுதுவார்கள். சில சமயம் ஒரு சமையல் குறிப்பு, ஒரு சிரிப்புத் துணுக்கு. இந்தமுறை, 'எங்கள் ஊரில் இவ்வளவு குளிர், கோழி பனிக்கட்டியாகவே முட்டை போடுகிறது' என்றிருந்தது. வெர்னா சிரித்துக்கொண்டே சுருளை மாட்டி ஓட்டினாள். திருமதி டட்டில் கடைக்குக் கிளம்பினாள். பிறகு ஒரு ஒட்டு தடக்கென்று போனது. கூடத்தில் பியானோ நின்றது.

துண்டு இல்லை.

வெர்னா க்ளைடுக்குத் தொலைபேசினாள். ஒன்பது வருடச் சீட்டுகளுக்குப் பிறகு முதல்முறையாக அவர் குரலைக் கேட்டாள். குண்டான மனிதரின் குரல்.

"பியானோ தூக்கற சீனா? எங்கிட்ட வந்தப்பவே இல்ல மேடம். இருங்க, எதுக்கும் பாக்கறேன்." அரை மணி கழித்து அவரே கூப்பிட்டார். "அலமாரி, டப்பா, குப்பைக்கூடை, எல்லாம் பாத்துட்டேன். என் சாப்பாட்டுப் பெட்டியக்கூடத் திறந்து பாத்தேன். கிடைக்கல. எனக்கு முன்னாடி இருக்கற ஊர்ல கேப்போம். நீங்க போன வைங்க, நான் கேக்கறேன்."

வெள்ளிக்கிழமை முழுவதும் அந்தக் கேள்வி வட்டத்தில் பின்னோக்கிப் பயணம் செய்தது. முகம் தெரியாத மனிதர்கள் மண்டியிட்டு மேசைக்கடியில் தேடினார்கள். ஒரு ஊரில் இரண்டு பேர் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தேடினார்களாம். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு நல்ல மனிதருக்காக என்று க்ளைட் சொன்னது போதுமானதாக இருந்தது.

திங்கட்கிழமை காலை தொலைபேசி மணி அடித்தது. வட்டத்தின் மறுமுனை. வெர்னாவுக்கு அடுத்த நிலையத்து ஐனெஸ்.

"வெர்னாவா? உங்க கையெழுத்து எனக்கு நல்லாத் தெரியும், குரல் இப்பத்தான் கேக்கறேன்! நீங்க சீட்டுல எழுதி அனுப்பின கேரட் கேக்கு வீட்டுல எல்லாருக்கும் பிடிச்சுது." பிறகு ஐனெஸ் தயங்கினாள். "வெர்னா, தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம் உங்ககிட்டேர்ந்து வந்த பெட்டியிலயே பியானோ சீன் இல்ல. நீங்க வேணும்னேதான் எடுத்திருப்பீங்கன்னு நினைச்சேன். உங்க வேலையில குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல."

போன வருடம், மார்ச் மாதம். வெர்னாவுக்கு எல்லாம் நினைவு வந்தது. கதையை ஒளிபரப்பிய மறுநாள், தங்கைக்குப் பிரசவ வலி என்று செய்தி வந்தது. பெட்டியை மூடி, பேருந்துக்குக் கொடுத்துவிட்டு ஓடினாள். அந்தக் குழந்தைக்கு இப்போது பல் முளைத்துவிட்டது.

எட்டு ஊர்க்காரர்களை மண்டியிட வைத்துவிட்டு, தொலைந்தது தன் அறைக்குள்ளேயே கிடக்கிறது! வெர்னா ஆண்டவரிடம் சத்தமாகவே மன்னிப்புக் கேட்டாள். மேசை விளக்கைத் தரைக்கு இறக்கினாள். துடைப்பத்தை எடுத்தாள். மேசைக்கடியில், வெட்டிய துண்டுகளைப் போட்டுவைக்கும் துணிப்பையைத் தரையில் கொட்டினாள். அடியிலிருந்து, ரப்பர் வளையம் போட்ட உள்ளங்கையளவு சுருள் ஒன்று உருண்டு அவள் செருப்பில் வந்து முட்டியது. அதில் அவள் கையெழுத்திலேயே ஒரு சீட்டு: '87. மறக்காமல் திருப்பி ஒட்டவும்.'

ஐனெஸுக்குச் சொன்னாள். க்ளைடுக்குச் சொன்னாள். "என் மேசைக்கடியிலயே இருந்துச்சு" என்று வெட்கத்தோடு சொன்னபோது க்ளைட் சிரித்த சிரிப்பில் தொலைபேசிக் கம்பியே நடுங்கியிருக்கும். "ஒண்ணும் வீணாகல மேடம். எனக்கு நாலு வருஷமாக் காணாமப் போன மூக்குக்கண்ணாடி கிடைச்சிருச்சு!"

மறுநாள் காலை பள்ளிக்கூடக் கொதிகலன் அறைக்குப் போனாள். ஆர்னி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவள் சுருளில் இரண்டடி பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஆர்னி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அதோ, நகத்தளவு நகத்தளவாக ஒரு வாசல், ஒரு பியானோ, இரண்டு மனிதர்கள்.

"இது ரூபன்" என்றார். "எங்கூட வேலை பாத்தவன். பியானோ நிஜமானது, நடிகருங்களால அசைக்க முடியல. அதனால சாமான் தூக்கற எங்க கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினாங்க. இந்தப் பக்கம் பிடிச்சிருக்கறது…" விரல் நின்றது. "போயிருக்கேன் வெர்னா. நான் நிஜமாவே அங்க போயிருக்கேன்."

"உங்களுக்கே சந்தேகமா?"

"இத்தன பேர், இத்தன வருஷமா இல்லன்னு சொன்னா? ஒரு கட்டத்துல கனாக் கண்டிருப்பமோன்னு தோண ஆரம்பிச்சிருச்சு."

"வெட்டினது நான்தான் ஆர்னி. வருஷத்துக்கு ஒரு தடவ. பாக்காமலே வெட்டினேன்."

ஆர்னி அவளைப் பார்த்தார். பிறகு தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். "நீங்களா! ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம உங்களுக்குத்தான மொதல் காபி ஊத்தறேன்!" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு மட்டும். ஹால்டர எல்லார் முன்னாடியும் தலைகுனிய வச்சுடாதீங்க. மனசுல ஒண்ணும் கிடையாது அவனுக்கு. எங்க அப்பா சாகக் கிடந்தப்ப எங்க நிலத்த உழுது குடுத்தவன் அவன்தான்."

ஹால்டரிடம் போகாமலும் இருக்க முடியாது. பியானோ உள்ளே வந்தால் ஒரு நிமிடம் வெளியே போக வேண்டும். அந்தக் கதையில் வேறெங்கே வெட்டினாலும் நொண்டும். அந்த இடத்தில் வரும் ஒரு நிமிட விளம்பரம் ஹால்டர் டிராக்டர்ஸ். புதுத் தொப்பி வைத்து, டிராக்டர் மேல் உட்கார்ந்து, ஹால்டரே பேசுவார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அவர் மனைவி தினமும் அஞ்சரைக்குத் தொலைக்காட்சியைப் போடுவாள் என்று ஊருக்கே தெரியும்.

கடையில் வெர்னா எல்லாவற்றையும் சொல்ல, ஹால்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். வெர்னா அவரை இப்படிப் பார்த்ததே இல்லை.

"அவன்தானா? நல்லாப் பாத்தியா?"

"அவரேதான். தலைமுடிகூட அதே வாரல்."

ஹால்டர் சுவரில் மாட்டியிருந்த தன் படத்தைப் பார்த்தார். புதுத் தொப்பி, டிராக்டர், பின்னால் கோதுமை.

"நாளைக்கு என் விளம்பரத்த எடுத்துடு" என்றார் கடைசியில். "டிராக்டர் எங்கயும் ஓடிப்போயிடாது." அவள் வாசல் வரை போனதும் கூப்பிட்டார். "வெர்னா, அவன் என்ன வசனம் பேசறான்?"

"தெரியாது. இன்னும் ஓட்டிப் பாக்கவே இல்ல. எல்லாரோடவும் சேந்தே பாக்கப் போறேன்."

துண்டின் ஓரத் துளைகள் சில கிழிந்திருந்தன. அன்று சாயங்காலம்வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தைப்பதுபோல ஒட்டினாள். இத்தனை கவனமாக ஒரு துண்டை அவள் வெட்டியதுமில்லை, ஒட்டியதுமில்லை.

புதன்கிழமைகளில் தவக்காலச் சூப் விருந்து. நிலவறைக் கூடத்தில் ஐந்து மணிக்கே ஊர் கூடிவிட்டது. ஹால்டர் தன் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைத் தானே சுமந்து வந்து, மூலையில் இருந்த சர்ச் பியானோவின் மேல் வைத்து ஏரியலைத் திருகினார். எதற்கு என்று கேட்டவர்களிடம் "சூப் சூடா இருக்கு, பேசாம குடிங்க" என்றார். ஆர்னி சமையலறையை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதமாக ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றார்.

அஞ்சரை. டட்டில் வீட்டுக் கதவு திறந்து மூடியது, பெயர்கள் ஓடின. திருமதி டட்டில் கடைக்குக் கிளம்பினாள். வெர்னா மேசைக்கடியில் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டாள். ஒட்டு தாங்கவேண்டும் ஆண்டவரே, ஒரே ஒரு நிமிடம்.

தாங்கியது. வாசலில் ஒரு பியானோ முளைத்தது. முதலில் ஒரு முதுகு. பிறகு, மறுமுனையைத் தாங்கியபடி, படிய வாரிய கறுத்த தலைமுடியோடு, இருபத்தெட்டு வயது ஆர்னி லுண்ட்.

கூடத்தில் ஒருவர் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. "அட கடவுளே, ஆர்னி!" என்று டார்லீன் கத்தினாள்.

பியானோ வாசலில் சிக்கிக்கொண்டது. முன்னே தள்ளினார்கள். பின்னே இழுத்தார்கள். கடையிலிருந்து முன்னாலேயே திரும்பிவிட்ட திருமதி டட்டில் உள்ளேயிருந்து, "சீக்கிரம் உள்ள கொண்டாங்க, விருந்தாளிங்க வந்துடுவாங்க!" என்று கூவினாள். இளம் ஆர்னி நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, எழுதித் தராத ஒன்றை, மிகுந்த மரியாதையோடு சொன்னான்: "அம்மா, பியானோ இங்கயே இருக்கட்டும். நாம வீட்ட கொஞ்சம் நகத்திப் பாப்போமா?"

பெட்டிக்குள்ளே ஜனங்கள் சிரித்தார்கள். திருமதி டட்டிலே வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். பெட்டிக்கு வெளியேயும் சிரித்தார்கள். ஹால்டர் மேசையை அறைந்து அறைந்து, சூப் சட்டையில் தெறிப்பதுகூடத் தெரியாமல் சிரித்தார். எது உள்ளே, எது வெளியே என்று பிரிக்க முடியாதபடி அந்தச் சிரிப்பு நிலவறையை நிறைத்தது. வெர்னா திரும்பிப் பார்த்தாள். சமையலறை வாசலில் ஆர்னி அகப்பையோடு நின்றிருந்தார். வசனத்தை மறுபடி சொல்வதுபோல அவர் உதடுகள் அசைந்து அடங்கின.

கதை முடிந்து, கைதட்டல்கள் முடிந்து, சிறுவர்கள் ஆர்னியிடம் காகிதத் துண்டில் கையெழுத்து வாங்கி முடித்த பிறகு, ஹால்டர் எழுந்து வந்தார். பிறகு பியானோ மேலிருந்து தொலைக்காட்சிப் பெட்டியை இறக்கினார்.

"ஆர்னி" என்றார்.

கூடத்தில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி அவர் ஆர்னியைக் கூப்பிட்டு ஒன்பது வருடமாகிறது.

"ஆர்னி, இந்தப் பியானோவ மேல கோயிலுக்குள்ள கொண்டு போகணும்னு நாலு வருஷமாப் பேசிக்கிட்டே இருக்கோம். ஈஸ்டருக்குப் பாட்டுக்காரங்களுக்கு வேணும். எங்களுக்குத் தூக்கத் தெரியாது. தொழில் தெரிஞ்சவன் நீ. சனிக்கிழமதான போற?"

"சனிக்கிழமன்னுதான் நினைச்சேன்" என்றார் ஆர்னி. ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் போட்டார். "கீழ பிடி. முதுக வளைக்காத, முழங்கால மடக்கு. ஹால்டர், முழங்காலு!"

பாஸ்டர் விளக்கைப் பிடித்தார். டார்லீன் நாற்காலிகளை ஒதுக்கினாள். பியானோ உறுமிக்கொண்டு தரையை விட்டு எழுந்தது. ஆறு அடி போனது, ஏழு அடி போனது, படிக்கட்டு வாசலுக்கு வந்தது. அங்கே, வலப்பக்க நிலையில் ஒரு மூலையும் இடப்பக்க நிலையில் ஒரு மூலையுமாகச் சிக்கிக்கொண்டது. முன்னே தள்ளினார்கள். பின்னே இழுத்தார்கள். அசையவில்லை.

மறுமுனையில் ஹால்டர் முகம் சிவந்து, பியானோவைத் தாங்கியபடி நின்றார். அறுபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கரண்டியும் கையுமாக, ஆர்னியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆர்னி மெல்ல, நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டார்.